அப்பல்லோ 13 ப்ளூ-ரே: இயக்குநரின் குரலோடு ஒரு முறை

நிலவுப் பயணத்தில் ஆபத்தில் சிக்கிய விண்வெளி வீரர்களின் கதையான இந்தப் படத்தை நான்கைந்து முறை பார்த்தவன்தான் நான். ஆனாலும் இந்த டிஸ்க்கை வாங்கியது, படம் ஓட ஓட இயக்குநர் ரான் ஹோவர்ட் பேசும் விளக்க ஒலித்தடத்துக்காக. 1960இல் 'ஆண்டி கிரிஃபித் ஷோ' தொலைக்காட்சித் தொடரில் ஓப்பி என்ற பொடியனாக வந்தவர், 1977இல் தயாரிப்பாளர் ரோஜர் கார்மன் கொடுத்த வாய்ப்பில் முதல் படத்தை இயக்கினார். அந்தப் பொடியனா இது என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

விண்கலக் காட்சிகளை இந்த முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எடையற்ற காட்சிகளுக்காக நாசாவின் கேசி-135 விமானத்தில் செட்டையே ஏற்றியிருக்கிறார்கள். விமானம் ஒரு முறை ஏறி இறங்கினால் கிடைப்பது சுமார் 25 விநாடி மிதப்பு. அதற்குள் வசனம், நடிப்பு, கேமரா எல்லாம் முடிய வேண்டும்! நடிகர்களை அவசரப்படுத்தாமல் வேலை வாங்குவது, சின்ன வயதிலிருந்தே கேமரா முன் நின்றவருக்குக் கைவந்த கலை போலிருக்கிறது.

அப்புறம் குடும்பம். கதையின் நாயகனான விண்வெளி வீரர் ஜிம் லவலின் அம்மாவாக வருபவர் ஹோவர்டின் சொந்த அம்மா. தம்பி கிளின்ட் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறார், அப்பா ரான்ஸ் பாதிரியாராக வருகிறார். வீட்டையே கூட்டி வந்துவிட்டார் மனிதர்.

நிஜ ஜிம் லவலும் மனைவி மேரிலினும் பேசும் இன்னொரு ஒலித்தடமும் உண்டு. உண்மையைச் சொன்னால், இயக்குநரைவிட அவர்களைத்தான் அதிக நேரம் கேட்டேன். சிறுவன் ஹோவர்டைப் பற்றித் தனியாக ஒரு குறும்படம் வைத்திருக்கலாம், அதுதான் குறை. ஐந்துக்கு நான்கு.