ஆன்லைன்ல பிசிக்ஸ் டவுட் சொல்லித் தர்றவங்களுக்கு ஃபெட் சிமுலேஷன்: என் அனுபவ ரிவ்யூ

3 வருஷமா ராத்திரி 8 மணிக்கு மேல ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பசங்களுக்கு மேத்ஸ், பிசிக்ஸ் டவுட் சொல்லித் தந்துட்டு இருக்கேன். காசு வாங்குறதில்ல. எங்க அத்தை பொண்ணுக்காக ஆரம்பிச்சது, அப்புறம் அவ கிளாஸ் பசங்க, அவங்க தம்பி தங்கச்சின்னு இப்ப 14 பேர் வாட்ஸ்அப்ல கேள்வி அனுப்புறாங்க, முக்கால்வாசி தமிழ் மீடியம். இதுக்காக நான் எடுத்துப் பார்த்ததுலயே எனக்கு ரொம்பக் கை கொடுத்தது ஃபெட் (PhET) சிமுலேஷன் தான், அதனால இதைப் பத்தி கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு: இது அமெரிக்காவுல கொலராடோ யுனிவர்சிட்டி போல்டர்ல பண்றது. 2001ல பிசிக்ஸ் நோபல் வாங்கின மூணு பேர்ல ஒருத்தரான கார்ல் வீமன் 2002ல ஆரம்பிச்சார், பரிசுப் பணத்துல ஒரு பங்கையும் இதுல போட்டிருக்கார். பிரவுசர்ல திறந்தா போதும், காசு கிடையாது, லாகின் கேக்காது. சின்ன லேப் மாதிரி ஒண்ணு ஸ்க்ரீன்ல வரும், விரலால இழுத்து மாத்தி என்ன ஆகுதுன்னு பாத்துக்கலாம்.

இதுக்கு முன்னாடி நான் என்ன பண்ணுவேன்னா பேப்பர்ல போட்டு போட்டோ எடுத்து அனுப்புவேன், கூடவே 5 நிமிஷ வாய்ஸ் நோட். பசங்க "ஓகேக்கா புரிஞ்சுது"ன்னுவாங்க, மறுவாரம் அதே கேள்வி வேற நம்பரோட வரும். காசு கட்டுற டவுட் ஆப் ஒண்ணையும் ரெண்டு பசங்க வச்சிருந்தாங்க, கணக்கை போட்டோ எடுத்தா ஸ்டெப் ஸ்டெப்பா விடை வந்துடும், நோட்டுல அப்படியே இறக்கிடுவாங்க, ஏன் அந்த ஸ்டெப்புன்னு கேட்டா ரெண்டு பேருக்கும் சொல்லத் தெரியல.

ஃபெட் எங்க வித்தியாசப்படுதுன்னு ஒரு சம்பவத்தோட சொல்றேன். போன ஜூலைல ஒரு தம்பி கேட்டான், "அக்கா, தொடரிணைப்புல முதல் பல்பு கொஞ்சம் கரண்ட்டைத் தின்னுடும்ல, அப்ப ரெண்டாவது பல்பு மங்கலா தானே எரியும்?" இது தப்புன்னு நான் ஒரு வரில சொல்லிட்டா தலையாட்டிட்டுப் போயிடுவான், ஆனா மனசுக்குள்ள அந்த எண்ணம் அப்படியே தான் இருக்கும். அதனால சர்க்யூட் கட்டுற சிமுலேஷன் லிங்க்கை அனுப்பி, பேட்டரியை 9 வோல்ட், பல்பு ஒவ்வொண்ணும் 10 ஓம்னு வைக்கச் சொன்னேன், ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி என்ன ஆகும்னு எனக்கு டைப் பண்ணி அனுப்பணும்னும் சொன்னேன். "முதல் பல்பு பிரகாசம், ரெண்டாவது டல்"னு அனுப்பினான். போட்டான். ரெண்டும் ஒரே மாதிரி எரியுது. நம்பல, அதுல வயர் மேல வச்சாலே ரீடிங் காட்டுற அம்மீட்டர் ஒண்ணு இருக்கு, அதை முதல் பல்புக்கு முன்னாடி, நடுவுல, ரெண்டாவதுக்குப் பின்னாடின்னு மூணு இடத்துல வச்சுப் பாத்தான், மூணுலயும் 0.45 ஆம்பியர். ஒரு நிமிஷம் மெசேஜே வரல. அப்புறம் அவனே கேக்குறான், "அப்ப பல்பு எதைக்கா எடுத்துக்குது?" அந்தக் கேள்விக்குத் தான் நான் காத்துட்டு இருந்தேன், அன்னைக்கு பொட்டன்ஷியல் டிராப் (ஒவ்வொரு பல்புலயும் குறையுற வோல்டேஜ்), பவர் எல்லாத்தையும் அரைமணி நேரம் பேசினோம், வோல்ட்மீட்டரை அவனே வச்சு 4.5, 4.5 வருதுன்னு பாத்துக்கிட்டான், பல்பு எடுத்துக்குறது எனர்ஜி தான், கரண்ட் இல்லன்னு அவன் வாயாலயே வந்துச்சு. அடுத்து பக்க இணைப்புல போட்டு பேட்டரில 1.8 ஆம்பியர் வர்றதையும் நான் சொல்லாமலே பாத்துட்டான்.

இதுல இன்னொரு நல்ல விஷயம், எலக்ட்ரான் ஓடுற திசை, மரபு மின்னோட்டத்தோட (ப்ளஸ்ல இருந்து மைனஸுக்குப் போறதா புக்ல காட்டுற கரண்ட்) திசை ரெண்டையும் மாத்தி மாத்திப் பாக்கலாம். புக்ல அம்புக்குறி ஒரு பக்கம், எலக்ட்ரான் இன்னொரு பக்கம்னு குழம்புற பசங்களுக்கு இது ஒண்ணே போதும். ஆனா ஒண்ணு கட்டாயம் சொல்லிடணும்: எலக்ட்ரான் அதுல கண்ணுக்குத் தெரியுற வேகத்துல ஓடும், நிஜத்துல சாதாரண செம்புக் கம்பில இழுப்புத் திசைவேகம், அதாவது எலக்ட்ரான் மொத்தமா ஒரு பக்கமா நகர்ற வேகம், நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் கூட வராது. சொல்லாம விட்டா பசங்க அதை நிஜம்னு எடுத்துக்குவாங்க.

தனி ஊசல் சிமுலேஷனும் அருமை. அலைவு நேரம் குண்டோட எடையைப் பொறுத்தது இல்லன்னு எல்லா பசங்களும் மனப்பாடமா சொல்லுவாங்க, ஆனா "சிறிய கோணம்"ங்கிற வார்த்தை வரையறைல எதுக்கு இருக்குன்னு கேட்டா பதில் வராது. இதுல ரெண்டு ஊசலைப் பக்கத்துல பக்கத்துல தொங்கவிடலாம். ரெண்டுக்கும் 1 மீட்டர் நீளம் வச்சு ஒண்ணை 10 டிகிரில, இன்னொண்ணை 90 டிகிரில ஒரே நேரத்துல விட்டா, முதல் அலைவுலயே 90 டிகிரி ஊசல் பின்தங்குறது தெரியும், முதலாவதுக்கு ஏறக்குறைய 2 செகண்ட், ரெண்டாவதுக்கு 2.37 கிட்ட. அலைவு நேர ஃபார்முலாவுக்காக, கோணம் சின்னதுன்னு வச்சுக்கிட்டு சைன் தீட்டாவைத் தீட்டான்னு போட்டது எங்க வரைக்கும் செல்லும்னு இதை விடத் தெளிவா எந்த வாய்ஸ் நோட்டுலயும் என்னால சொல்ல முடியாது. நிலாவுக்கு மாத்துனா அந்த 2 செகண்ட் 5 செகண்ட் கிட்டப் போயிடும், பசங்களுக்கு அது ஒரே குஷி.

எறிபொருள் சிமுலேஷன்ல ஒரு டிப். 30 டிகிரி, 60 டிகிரி ரெண்டுக்கும் கிடைத்தள நெடுக்கம் (எவ்வளவு தூரத்துல போய் விழுதுங்கிறது) ஒண்ணுன்னு காட்டணும்னா பீரங்கி தரை மட்டத்துல இருக்கான்னு பாத்துக்கோங்க, உயரத்துல இருந்தா ரெண்டும் வேற வேற இடத்துல தான் விழும், காத்துத் தடையும் ஆஃப்ல இருக்கணும்.

நெட் சரியில்லாத ஊர்ல இருக்குற பசங்களுக்குப் புது சிமுலேஷன் எல்லாத்தையும் ஒரே ஃபைலா டவுன்லோட் பண்ணி வாட்ஸ்அப்லயே அனுப்பிடலாம், நெட் இல்லாம ஓடும். இது எனக்குப் பெரிய உதவி, மலைக்கிராமத்துல இருக்குற ஒரு பொண்ணு இப்படித்தான் யூஸ் பண்றா. சிலது தமிழ்லயே கிடைக்குது, தன்னார்வலர்கள் மொழிபெயர்க்குறாங்க. இங்கிலீஷ்ல மட்டும் இருக்குறதுக்கு நானே முதல்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒவ்வொண்ணு மேலயும் தமிழ் வார்த்தை எழுதி அனுப்பிடுவேன், அந்த 5 நிமிஷ வேலையை விட்டுடாதீங்க.

குறைன்னா, ஜாவாங்கிற பழைய புரோகிராமிங் மொழில பண்ணினது சிலதைப் போன்ல நம்ப முடியாது. அப்புறம் ப்ளஸ் டூ கால்குலஸுக்கு இதுல பெருசா ஒண்ணும் இல்ல, அதுக்கு ஜியோஜீப்ரா (கிராஃப் போட்டுப் பாக்குற மேத்ஸ் ஆப்) போயிடுங்க. பத்தாவது லெவல் மேத்ஸுக்கு நல்லாவே இருக்கு. இருபடிச் சமன்பாட்டு கிராஃப்ல ஒரு பொண்ணு நான் கேக்காமலே ஒண்ணைப் பிடிச்சா, y = ax² + bx + c-ல எக்ஸுக்கு முன்னாடி இருக்குற பி-யை மட்டும் மாத்திட்டே போனா பரவளையத்தோட முனை நேரா நகராம ஒரு வளைவுல போகுதுக்கான்னு. முனையோட ரெண்டு ஆயத்தொலைவையும் எழுதிட்டு பி-யை நீக்கிப் பாருன்னு மட்டும் சொன்னேன், 20 நிமிஷத்துல நோட்டை போட்டோ எடுத்து அனுப்பினா, கவிழ்ந்த பரவளையம். அந்தப் போட்டோவை இன்னும் அழிக்காம வச்சிருக்கேன்.

நீங்களும் யாருக்காவது டவுட் சொல்லித் தர்றீங்கன்னா நீங்க ஸ்க்ரீன் ஷேர் பண்ணிக் காட்டாதீங்க, லிங்க்கை அனுப்பி அவங்க கையால பண்ணச் சொல்லுங்க, முன்கூட்டியே ஒரு பதிலை எழுதி வாங்கிக்கோங்க. நான் காட்டும்போது அவங்க வீடியோ பாக்குற மாதிரி தான் பாக்குறாங்க. 5க்கு 4.5 குடுப்பேன், அந்த அரை மார்க் ஜாவாவுக்காகக் குறைச்சது.

ஊசல் சிமுலேஷன்ல எக்ஸ் கிரகம்னு ஒண்ணு இருக்கு, அங்க ஈர்ப்பு முடுக்கம் எவ்வளவுன்னு காட்டாது, அளந்து தான் கண்டுபிடிக்கணும். இந்த வார வேலை அது தான். இதுவரைக்கும் 5 பேர் அனுப்பிட்டாங்க, 4 பேருக்கு ஏறக்குறைய ஒரே நம்பர். அஞ்சாவது தம்பி நீளத்தை சென்டிமீட்டர்ல போட்டிருக்கான், நான் இன்னும் சொல்லல, மத்தவங்களோடதைப் பாத்து அவனே கண்டுபிடிப்பான்னு விட்டிருக்கேன்.