ஸ்மார்ட் ஸ்பீக்கர்: புதுமை தீர்ந்த பிறகு நிற்பது எது?

ஸ்மார்ட் ஸ்பீக்கர் வந்த முதல் வாரம் வீடே அதனிடம் பேசும். ஜோக் கேட்பார்கள், வானிலை கேட்பார்கள், திட்டியும் பார்ப்பார்கள். ஒரு வருடம் கழித்து அன்றாடம் காதில் விழுவது ஐந்தாறு கட்டளைகள்தான்: டைமர் வை, அலாரம் வை, பாட்டுப் போடு, சத்தத்தைக் குறை, லைட்டை அணை. அமேசான் எக்கோ 2014-இல் வந்தது, கூகுள் ஹோம் 2016-இல், ஆப்பிள் ஹோம்பாட் 2018-இல். தலைமுறைகள் மாறினாலும் புழக்கம் இந்த வட்டத்தைப் பெரிதாகத் தாண்டுவதில்லை. அதனால் எந்த மாடலில் எத்தனை வசதி என்று எண்ணுவதைவிட, இந்த ஐந்தாறும் தவறாமல் நடக்க என்ன வேண்டும் என்று பார்ப்பதே உருப்படியான வேலை. அதில் பெரும்பகுதி ஸ்பீக்கருக்கு வெளியே இருக்கிறது.

முதலில் வைக்கும் இடம். சுவரிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் குறைந்தது 20 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். உள்ளே பல மைக்குகள் இருக்கின்றன. குரல் ஒவ்வொரு மைக்குக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் பேசுபவர் எந்தத் திசையில் இருக்கிறார் என்று அது கணிக்கிறது. சுவரை ஒட்டி வைத்தால் எதிரொலியும் சேர்ந்து வந்து கணக்கைக் குழப்பும். மூலையில் வைத்தால் பாட்டில் பேஸ் கும்மென்று வீங்கும்.

டிவிக்குப் பக்கத்தில் வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. ஸ்பீக்கர் தானே சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தாலும் கூப்பிட்டால் கேட்கிறதே, டிவி மெதுவாக ஓடினால்கூட ஏன் தடுமாறுகிறது? தான் என்ன ஒலிக்கிறோம் என்பது அதற்குத் தெரியும், மைக்கில் விழும் ஒலியிலிருந்து அதைக் கழித்துவிடும். டிவி அடுத்து என்ன பேசும் என்பது அதற்குத் தெரியாது, ஆகவே கழிக்கவும் முடியாது. ஒரு மீட்டர் தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும். மின்விசிறிக் காற்று நேரே மேலே விழும் இடமும் ஆகாது. மைக் துளையில் காற்று மோதும் இரைச்சல் குரலை மூடிவிடும். சமையலறையில் வைத்தால் எண்ணெய்ப் புகையும் தூசும் சேர்ந்து துளைகளை மெல்ல அடைக்கும். நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது மெதுவாகச் செவிடாகிறது என்றால் முதல் சந்தேகம் அங்கேதான். காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடைத்தால் போதும். ஊசியால் குத்தக் கூடாது, திரவம் தெளிக்கவும் கூடாது.

கதவுப் பூட்டோ கேரேஜ் கதவோ இணைத்திருந்தால் ஸ்பீக்கரை ஜன்னல் வழியே தெரியும்படி வைக்காதீர்கள். மைக்கின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அந்த ஒளியின் ஏற்ற இறக்கத்தாலேயே கட்டளை கொடுக்க முடியும் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தையும் ஜப்பானையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019-இல் செய்தே காட்டினார்கள். இன்னொன்று, முதல் ஹோம்பாடின் சிலிக்கோன் அடிப்பாகம் எண்ணெய் பூசிய மர மேசையில் வெள்ளை வட்டம் பதித்த கதை அப்போது பிரபலம். எந்த ஸ்பீக்கராக இருந்தாலும் அடியில் ஒரு சிறு விரிப்பு போட்டுவிடலாம்.

எக்கோவுக்கு 'அலெக்ஸா', கூகுளுக்கு 'ஹே கூகுள்' போன்ற அழைப்புச் சொல்லைக் கண்டுபிடிக்கும் வேலை ஸ்பீக்கருக்குள்ளேயே நடக்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் மற்றது பொதுவாகச் சர்வருக்குப் போகும். உள்ளே இருப்பது சிறிய மென்பொருள் என்பதால், ஒலியில் நெருங்கிய சொல் வந்தாலும் விழித்துக்கொள்ளும். அலெக்ஸா என்பதுபோல் ஒலிக்கும் பெயர் வீட்டில் யாருக்காவது இருந்தால் எக்கோ, கம்ப்யூட்டர் போன்ற சொற்களுக்கு மாற்றிக்கொள்ளலாம். கூகுளில் சொல்லை மாற்ற முடியாது, உணர்திறனைக் கூட்டிக் குறைக்கத்தான் முடியும். 2017-இல் பர்கர் கிங் தன் டிவி விளம்பரத்தில் வேண்டுமென்றே கூகுளை அழைத்து, வீடுகளில் இருந்த ஸ்பீக்கர்களைப் பேச வைத்தது. டிவி பக்கத்தில் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டளை பாதியில் அறுபடுவதற்குப் பெரும்பாலும் காரணம் நம் தயக்கம். அரை நொடி 'ம்…' என்று இழுத்தால் பேச்சு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். வாக்கியத்தை மனதில் முடித்துவிட்டு வாயைத் திறந்தால் தொல்லை பாதி குறையும். ஒரே வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்க வேண்டும். அப்போதுதான் அருகில் இருப்பது மட்டும் பதில் சொல்லும். வேறு வேறு கணக்கென்றால் இரண்டும் ஒன்றாகக் கிளம்பும்.

அடுத்தது பெயர். தமிழ் வீடுகளில் தோல்வி அதிகம் நடப்பது இங்கேதான். 'நைட் லைட்', 'ஒயிட் லைட்' என்று ஒலியில் ஒத்த பெயர்கள் கூடாது. பல்புகளைச் சேர்த்து வைத்த குழுவுக்கும் அதற்குள் இருக்கும் பல்புக்கும் ஒரே பெயர் கூடாது. ஸ்பீக்கரை ஆங்கிலத்தில் ஓட்டிக்கொண்டு 'வாசல் லைட்' என்றால், வாசலைத் தனக்குத் தெரிந்த ஏதோ ஓர் ஆங்கிலச் சொல்லாக அது எழுதிக்கொள்ளும். இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஆப்பில் குரல் வரலாற்றைத் திறந்து, நீங்கள் சொன்னதை அது எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்த எழுத்துக்கூட்டலையே சாதனத்தின் பெயராகவோ ரூட்டீனை (ஒரே வாக்கியத்தில் பல வேலைகளை நடத்தும் அமைப்பை) தொடங்கும் வாக்கியமாகவோ கொடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்து, அடிக்கடி வரும் வடிவத்தை எடுக்க வேண்டும். தமிழ்ப் பாட்டுக்கும் இதே சிக்கல். பாட்டுப் பெயரைச் சொல்லிப் போராடாமல், போனில் பிளேலிஸ்ட் தயாரித்து 'மார்னிங் ஒன்' மாதிரி எளிய ஆங்கிலப் பெயர் வைத்துவிட்டால் ஒரே அழைப்பில் வேலை முடியும். ஸ்பீக்கரையும் லைட்டுகளையும் ஒரே அறைக்குள் சேர்த்துவிட்டால் 'டர்ன் ஆஃப் தி லைட்ஸ்' என்பதே போதும், பெயரே தேவைப்படாது.

வைஃபையில் வரும் கோளாறுகளுக்கு ஒரு வரிசை உண்டு. ஸ்மார்ட் பிளக், பல்பு பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். ரௌட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்து, போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் இணைக்கும்போது சிக்கும். அப்போதைக்கு 5-ஐ அணைத்துவிட்டு, சேர்த்த பிறகு திரும்பப் போடலாம். ரௌட்டரில் வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய சாதனங்கள் உள்ளே நுழையவே நுழையா, 2-உம் 3-உம் கலந்த அமைப்பு வேண்டும். விருந்தினர் வைஃபையில் ஸ்பீக்கரைப் போட்டால் அது இணையத்துக்குப் போகும், ஆனால் போன் அதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் அங்கே சாதனங்கள் ஒன்றையொன்று பார்ப்பது பொதுவாகத் தடுக்கப்பட்டிருக்கும். ரௌட்டரை மாற்றும்போது பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வையுங்கள். இல்லாவிட்டால் இருபது சாதனங்களையும் ஒவ்வொன்றாக மறுபடி சேர்க்க நேரும்.

பல்பா, ஸ்விட்சா? ஸ்மார்ட் பல்பு வாங்குவது எளிது, மாட்டுவதும் எளிது. ஆனால் பழக்கதோஷத்தில் யாராவது சுவர் ஸ்விட்சை அணைத்ததும் ஸ்பீக்கருக்கு அது செத்த சாதனம். நிரந்தரத் தீர்வு ஸ்விட்ச் பெட்டிக்குள் வைக்கும் ஸ்மார்ட் ரிலேதான், கையாலும் குரலாலும் இயங்கும். அதில் பல வகைகளுக்கு நியூட்ரல் வயர் தேவை. பழைய வீடுகளின் ஸ்விட்ச் பெட்டியில் ஃபேஸ் மட்டும் வந்திருக்கும், வாங்கும் முன் எலக்ட்ரீஷியனைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் போய் வந்ததும் நள்ளிரவில் எல்லா பல்பும் முழு வெளிச்சத்தில் எரிவது இன்னொரு தொல்லை. பல்பின் ஆப்பில் மின்சாரம் திரும்பும்போது முந்தைய நிலைக்கே போகும்படி வைக்கும் செட்டிங் பெரும்பாலும் இருக்கும். ஸ்மார்ட் பிளக்கில் ஆம்பியர் அளவைப் பாருங்கள். 10 ஆம்பியர் பிளக்கில் ஹீட்டர் மாட்டினால் முனைகள் சூடேறி உருகக்கூடும். ஹீட்டரைக் குரலில் போடாமலிருப்பதே நல்லது, அது எந்த நிலையில் கிடக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் போடும் பொருள் அல்ல.

ஏசி, டிவிக்கு அகச்சிவப்பு பிளாஸ்டர் (ரிமோட் போலச் சமிக்ஞை அனுப்பும் சிறு கருவி) வைத்தால் அது நேர்க்கோட்டில் பார்த்தாக வேண்டும். இந்தச் சமிக்ஞை ஒருவழிப் பாதை. 'ஏசியை அணைத்தேன்' என்று ஸ்பீக்கர் சொல்வது சமிக்ஞை அனுப்பியதற்குத்தான், ஏசி அணைந்ததற்கு அல்ல. ரிமோட்டால் யாராவது மாற்றினால் ஆப்புக்குத் தெரியாது.

இணையம் போனால் பெரும்பாலான கட்டளை நிற்கும். எக்கோவில் முன்பே வைத்த அலாரமும் டைமரும் மட்டும் அடிக்கும், புதிதாக வைக்க முடியாது. விமானத்தைப் பிடிக்கும் நாளில் போனிலும் ஒரு அலாரம் வையுங்கள்.

முதல் நாளே மாற்ற வேண்டியவை சில. குரலில் பொருள் வாங்கும் வசதியை அணைக்கவும், அல்லது பின் எண் போடவும். அலெக்ஸாவில் பிரீஃப் மோடைப் போட்டால் ஒவ்வொரு லைட்டுக்கும் 'ஓகே' சொல்லாமல் ஒரு சின்ன மணியோடு நிறுத்திக்கொள்ளும். குரல் பதிவுகள் 3 மாதத்தில் தானாக அழியும்படி அமைக்கலாம். பதிவை அனுப்பாமல் எக்கோவுக்குள்ளேயே அலசும் தெரிவு சில மாடல்களில் இருந்தது, அமேசான் அதை 2025 மார்ச் 28-இல் எடுத்துவிட்டது. தனிமை வேண்டுமென்றால் மைக் பட்டன்தான் நம்பகம். எக்கோவில் அதை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், மைக்குக்குப் போகும் மின்சாரமே துண்டிக்கப்படும். மஞ்சள் துடிப்பு அறிவிப்பு காத்திருக்கிறது என்பதற்கு, ஆரஞ்சு இணைப்பு நடப்பதற்கு.

செலவு பெரிதில்லை. சும்மா இருக்கும்போது 2 வாட் இழுத்தால் வருடத்துக்கு 17, 18 யூனிட். நீண்டகாலக் கவலை வேறு: வாங்கிய வசதி பின்னால் காணாமல் போகும். வெளியார் உருவாக்கிய உரையாடல் செயலிகளைக் கூகுள் 2023 ஜூனில் நிறுத்தியது, 2024 தொடக்கத்தில் பாட்டு அலாரம், ரேடியோ அலாரம் உட்படப் பல வசதிகளை நீக்கியது. ஸ்மார்ட் வீட்டுச் சாதனங்கள் விற்ற இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றி நின்றபோது, அதை நம்பிய வீடுகளில் ஆப் வழி இயக்கமும் நின்றது. பல்பும் பிளக்கும் வாங்கும்போது மேட்டர் முத்திரை உள்ளதா என்று பார்ப்பது இதனால்தான். 2022 அக்டோபரில் வெளியான இந்தத் தரம் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே இயங்குவது, ஒரே பல்பை வேறு நிறுவனத்தின் ஸ்பீக்கருக்கும் மாற்றிக் கொடுக்கலாம்.

ஸ்பீக்கர் அடிக்கடி தானாக அணைந்து எழுந்தால் முதலில் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். மாற்றும்போது வோல்ட் அதே அளவு இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது. வேறொருவருக்குக் கொடுப்பதானால் பட்டனை அழுத்தி ரீசெட் செய்வதோடு நிறுத்தாமல், ஆப்பிலும் உங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் வாங்கியவர் தன் கணக்கில் சேர்க்க முடியாமல் உங்களைத்தான் கூப்பிடுவார்.