கேவிஎம் கெஸ்ட்களில் இன்டரப்ட்: பல வருடம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

லினக்ஸ் கர்னலின் கேவிஎம் மூலம் ஓடும் விஎம் (மெய்நிகர் கணினி, அதாவது கெஸ்ட்) மெதுவாக ஓடுகிறது என்றதும் எல்லாரும் கோர் எண்ணிக்கையைக் கூட்டுவார்கள், இல்லாவிட்டால் டிஸ்க்கைக் குறை சொல்வார்கள். நெட்வொர்க் வேலை அதிகமுள்ள விஎம் என்றால் இன்டரப்ட்டுக்காக (சிபியுவின் கவனத்தை அழைக்கும் சிக்னல்) கெஸ்ட் எத்தனை முறை நின்று ஹோஸ்ட்டுக்கு, அதாவது அதை ஓட்டும் நிஜ சர்வருக்கு, வந்து போகிறது (இதுதான் எக்ஸிட்) என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

என் முதல் சர்வர் சாண்டி பிரிட்ஜ் சியோன். அதில் கெஸ்ட்டின் லோக்கல் ஏபிக் (ஒவ்வொரு கோருக்கும் இன்டரப்ட்டைக் கொண்டுசேர்க்கும் பகுதி) கிட்டத்தட்ட முழுக்க மென்பொருள் வேலை. ஓடிக்கொண்டிருக்கும் விசிபியுவுக்கு (கெஸ்ட்டின் மெய்நிகர் சிபியு) ஒரு இன்டரப்ட் கொடுக்க வேண்டுமென்றால் கர்னல் அந்தக் கோரைத் தட்டி, கெஸ்ட்டை வெளியே இழுத்து, திரும்ப உள்ளே அனுப்பும்போது இன்டரப்ட்டைச் செருகி விடும். கெஸ்ட் வேலையை முடித்து இஓஐ (இன்டரப்ட் முடிந்தது என்ற குறிப்பு) எழுதினால் அதற்கும் ஒரு எக்ஸிட். 'பெர்ஃப் கேவிஎம் ஸ்டாட் லைவ்' ஓட்டினால் எது எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று கண்முன்னே ஓடும், எக்ஸ்டர்னல் இன்டரப்ட்டும் எம்எஸ்ஆர் ரைட்டும் (சிபியுவின் சிறப்புப் பதிவேட்டில் எழுதுவது) எப்போதும் மேலேயே நிற்கும். பல வருடமாகியும் நான் அதிகம் நம்புவது இந்தக் கருவியைத்தான்.

அப்புறம் ஏபிக்-வி, அதாவது ஏபிக் வேலையை வன்பொருளே செய்யும் வசதி, உள்ள சர்வருக்கு மாறினேன். இன்டெல் அதை ஐவி பிரிட்ஜ் சியோன்களில் கொண்டுவந்தது. கர்னல் 256 பிட் கொண்ட ஒரு அட்டவணையில் அந்த இன்டரப்ட்டுக்குரிய பிட்டை ஏற்றிவிட்டு ஒரு அறிவிப்பு அனுப்பினால் போதும், கெஸ்ட் வெளியே வராமலே சிபியு அதை எடுத்துக்கொள்கிறது, பெரும்பாலான இஓஐ எக்ஸிட்டும் காணாமல் போகிறது. தினசரிப் பயன்பாட்டில் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த வித்தியாசம் வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. டைமர் மட்டும் விதிவிலக்கு. கெஸ்ட் தன் டெட்லைன் டைமரை எழுதும் ஒவ்வொரு முறையும் எக்ஸிட் வரத்தான் செய்கிறது.

நெட்வொர்க் கார்டை நேரடியாக விஎம்முக்குக் கொடுக்கிறவர்கள் விடி-டி போஸ்டட் இன்டரப்ட் (கார்டின் இன்டரப்ட்டை ஹோஸ்ட்டைத் தொடாமல் கெஸ்ட்டுக்கே கொடுக்கும் இன்டெல் வசதி) இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். லினக்ஸ் 4.4-இலிருந்து ஆதரவு உண்டு. வேலை செய்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம்: ஹோஸ்ட்டின் ப்ராக் இன்டரப்ட்ஸ் கோப்பில் விஎஃப்ஐஓ (கார்டை விஎம்முக்கு ஒப்படைக்கும் லினக்ஸ் பகுதி) வரிகளின் எண்ணிக்கை அப்படியே நிற்கும், அதே நேரம் கெஸ்ட்டுக்குள் அதே கார்டின் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறும். அங்கேயே 'பின்' என்றொரு வரி இருக்கிறதே, அது கூடவில்லையே என்று பயப்பட வேண்டாம். கெஸ்ட் ஓடாத நேரத்தில் கோருக்கு வந்த அறிவிப்புகள்தான் அதில் சேரும், குறைவாக இருந்தால் நல்லதே.

ஹால்ட் போலிங் பற்றி எனக்கு இரண்டு மனசு. கெஸ்ட் சும்மா இருக்கப்போகிறது என்றதும் ஹோஸ்ட் உடனே அந்த விசிபியுவைத் தூங்க வைக்காமல் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும், எக்ஸ்86-இல் இயல்பான உச்சவரம்பு 200 மைக்ரோசெகண்ட். சின்னச் சின்ன பாக்கெட்டாக வரும் டேட்டாபேஸ் விஎம்முக்கு இது பிரமாதம். ஆனால் கெஸ்ட்டுக்குள் டாப் கட்டளையில் பார்த்தால் சிபியு காலி, ஹோஸ்ட்டில் பார்த்தால் அதே விஎம் சிபியுவைத் தின்றுகொண்டிருக்கும். நிறைய விஎம்களை நெருக்கி ஓட்டும் சர்வரில் நான் இதைப் பூஜ்ஜியமாக்கி விடுவேன், தாமதம் முக்கியமான சர்வரில் தொடவே மாட்டேன்.

ஏஎம்டி பக்கம் ஏபிக்-வி செய்யும் அதே வேலைக்கு ஏவிக் இருக்கிறது, கர்னல் 4.7-இலேயே வந்துவிட்டது, ஆனால் ரொம்ப காலம் இயல்பாக அணைத்தேதான் வைத்திருந்தார்கள். கேவிஎம் மாட்யூலின் அளவுருவில் இயக்கினால் மட்டும் போதாது. பிஐடி டைமர் (பழைய பாணி டைமர் சிப்) விட்டுப்போன டிக்கைத் திரும்பச் செருகும் அமைப்பில் இருந்தால் ஏவிக் சத்தமில்லாமல் ஒதுங்கிவிடும், லிப்விர்ட்டில் (விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) பிஐடியின் டிக் பாலிசியை டிஸ்கார்ட் என்று மாற்ற வேண்டும். பழைய சிபியுக்களில் கெஸ்ட்டுக்கு எக்ஸ்2ஏபிக் (ஏபிக்கின் புதிய வடிவம்) காட்டக் கூடாது. அந்தக் குறை தீர அந்த வடிவத்துக்கான எக்ஸ்2ஏவிக் வர வேண்டியிருந்தது, அதை 2022-இல் வெளியான 6.0 கர்னல்தான் ஆதரித்தது, வன்பொருளிலும் இருக்க வேண்டும். இப்படி ஒதுங்கும்போது லாகில் ஒரு வரியாவது எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஏவிக் வேண்டி ஏஎம்டி சர்வர் எடுக்கிறவர்கள், இயக்கிய பிறகு ஒருமுறை பெர்ஃப் ஓட்டி எக்ஸிட் உண்மையிலேயே குறைந்ததா என்று பார்த்துவிட்டு விஎம்களை ஏற்றுங்கள்.