கச்சானைத் தாங்கிய கரிச்சான் பெட்டி

மட்டக்களப்புப் பக்கம் குருவிப்பெட்டி மாட்ட விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, "மழைக்குத் தாங்குமா?" என்றுதான். ஆரையம்பதியில் எங்கள் வளவில், குண்டுக்கரிச்சான் என்ற கறுப்பு வெள்ளைப் பாட்டுக்குருவி கூடுகட்டச் சில வருடங்களாகப் பெட்டி இருக்கிறது. மாரி மழைக்கு அது அசையவில்லை. உண்மையான சோதனை கச்சான் காற்று வீசும் மாதங்களில்தான். குண்டுக்கரிச்சான் முட்டையிடுவது பெரும்பாலும் மார்ச் முதல் செப்டெம்பர் வரை. மேற்கிலிருந்து வரும் இந்தக் கச்சான் சுடுகாற்றும் அந்தக் காலத்தில்தான் வீசுகிறது. பொரித்த குஞ்சுக்கு இறகும் இல்லை, கண்ணும் திறக்கவில்லை. பெட்டி சூடேறினால் அது எங்கே போகும்?

அதனால் தகரமும் பிளாஸ்ரிக்கும் வேண்டவே வேண்டாம். எங்களுடையது முக்கால் அங்குல வேப்பம் பலகையில் தச்சர் ஒருவர் அடித்துத் தந்தது. துவாரம் 5 சென்ரிமீற்றர். மேல்விளிம்பில் காற்றுப் போக இடுக்கு, அடியில் தண்ணீர் வடியத் துளைகள், மேல்மூடி திறந்து மூடலாம். உட்புறம் சீவாத பலகை, வர்ணமும் பூசவில்லை. குஞ்சு நகத்தால் பற்றி ஏறிவர அந்தச் சொரசொரப்புத் தேவை. கடைப் பெட்டிகளில் துவாரத்தின் கீழ் ஒரு குச்சி இருக்கும். அதைக் கழற்றிவிடுங்கள். கரிச்சானுக்கு அது தேவையில்லை, கூட்டைத் தேடி வரும் எதிரிக்குத்தான் உதவும்.

மாட்டிய இடம் வீட்டின் கிழக்குச் சுவர், தாழ்வாரத்தின் கீழ். காலை வெயில் மட்டும் படும். மத்தியானத்துக்குப் பிறகு வீடே நிழல் தந்து கச்சானையும் மறைத்துவிடும். மாரியில் வாடைக்காற்று மழையை நேரே அந்தச் சுவரில்தான் அடிக்கும். ஆனால் அப்போது பெட்டி வெறுமையாக இருக்கும், நனைவது பலகைதான். மாமரத்தில் கட்டலாமே என்று பலரும் சொன்னார்கள். முசுறு எறும்பு ஏறும் மரத்தில் குஞ்சு வைக்க எனக்கு மனமில்லை.

சரி, பார்க்கக் கிடைப்பது என்ன? முருங்கை உச்சியில் ஆண் விடியப்புறமே பாடத் தொடங்கும். அடைகாப்பது பெண் மட்டும்தான். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் குஞ்சு பொரிக்கும். அப்புறம் இருவருக்கும் ஓய்வில்லை. புழு, தத்துவெட்டி, சிலவேளை சின்னப் பல்லி. திரும்பும்போது குஞ்சின் எச்சத்தை வெள்ளைப் பொட்டலமாக அலகில் கவ்விக்கொண்டு போய்த் தூரத்தில் போடும். கூடு அவ்வளவு சுத்தம். மாமி குசினி யன்னலடியில் இருந்து, "தகப்பன் வந்திட்டான், வாயில பல்லி" என்று சொல்லும்போது வீடே எட்டிப் பார்க்கும். இந்தச் சந்தோசத்துக்காகவே இன்னும் பத்துப் பெட்டி செய்யலாம்.

மூடிக்குள் ஒரு சின்னக் கமெராவும் வைத்தோம். தாய் இரவில் குஞ்சுகளை மூடிப் படுத்திருப்பதை அதில்தான் பார்த்தோம். ஆனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்றில் இணைப்புகள் கறல் பிடித்துக் கமெரா நின்றுவிட்டது. யன்னல் போதும் என்பதே என் முடிவு. குஞ்சுக்கு இறகு வந்த பிறகு மூடியைத் திறக்கவே கூடாது. பயந்தால் பறக்கப் பழகாமலே வெளியே பாய்ந்துவிடும்.

ஒரு பருவத்தில் செண்பகப் பறவை துவாரத்துக்குள் தலையை விட்டுக் குஞ்சுகளைத் தூக்கிவிட்டது. அன்று பொழுதுபடும்வரை தாய் புழுவோடு வந்து வந்து உள்ளே எட்டிப் பார்த்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. தச்சர் அதே அளவு துளையோடு தடித்த பலகைத் துண்டொன்றைத் துவாரத்தின் முன்னால் அறைந்து தந்தார். வாசல் இப்போது குழாய்போல நீளம். அதற்குப் பிறகு செண்பகம் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறது, எடுக்க முடியவில்லை.

குஞ்சுகள் வெளியேறியதும், பெற்றோர் அவற்றுக்குத் தொடர்ந்து இரை கொடுத்துத் திரியும் நாட்களிலேயே, பழைய கூட்டை அள்ளி எறிந்து பெட்டியைக் காயவைத்துவிடுவேன். அதே பருவத்தில் மறுபடியும் முட்டையிட வரக்கூடும். பயற்றம் பந்தலுக்கு மருந்தடிப்பதையும் நிறுத்திவிட்டோம். கரிச்சான் புழு பொறுக்குவது அங்கேதான். அடைக்கலக்குருவிக்குப் பெட்டி வேண்டுமென்றால் துவாரத்தை 32 மில்லிமீற்றராகக் குறைக்கச் சொல்லுங்கள், மைனா நுழையாது. எதுவானாலும் மாசி மாதத்துக்குள் மாட்டிவிடுங்கள்.