மார்ச்சில் மொத்தமாகவா, மாதா மாதமா?

நன்கொடை என்றால் எனக்குப் பல வருடங்களாக மார்ச் கடைசி வாரம்தான். வரிக் கணக்கோடு உட்காரும்போது, நன்கொடைக்கு வரிக் கழிவு தரும் 80ஜி பிரிவு நினைவுக்கு வரும். ஏதாவது ஓர் அமைப்புக்கு மொத்தமாக அனுப்பிவிட்டுத் தூங்கப் போவேன். ஒரு வருடம் 12,000 ரூபாய், அடுத்த வருடம் 5,000. அதற்கடுத்த மார்ச்சில் பள்ளிக் கட்டணமும் வண்டி இன்சூரன்சும் சேர்ந்து வந்ததில் ஒன்றுமே இல்லை. அப்புறம்தான் மாதம் 1,500 தானாகக் கழிகிற மாதிரி மாற்றினேன். இது மூன்றாவது வருடம்.

மார்ச் வழிக்கும் நியாயம் உண்டு. ஒரே தடவை உட்கார்ந்து விசாரித்துக் கொடுக்கலாம், ரசீதும் ஒன்றோடு முடியும். ஆனால் மாதா மாதம் கொடுத்தாலும் வருடத் தொகையைச் சேர்த்து, வரிக் கழிவுக்குக் காட்ட வேண்டிய 10பிஇ சான்றிதழ் வந்துவிடுகிறது. புதிய வரி முறையில் 80ஜி கழிவே கிடையாது. நான் அதற்கு மாறிவிட்டேன், எனக்கு மார்ச்சும் மற்ற மாதமும் ஒன்றுதான்.

என்னைப் பொறுத்தவரை கேள்வி ஒன்றுதான்: கொடுப்பதா வேண்டாமா என்று எத்தனை முறை யோசிக்க வேண்டியிருக்கிறது?

பாட்டி வீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு கலயம் இருக்கும். உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அதற்குள் போகும். இன்றைக்குக் கொடுக்கலாமா என்ற பேச்சே எழாது. விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலா இப்படி வீடு வீடாகச் சேர்ந்த பிடி அரிசியில் நடந்த பள்ளி. வருடக் கடைசியில் ஒரு மூட்டை கொடுங்கள் என்று கேட்டிருந்தால் எத்தனை வீடு கொடுத்திருக்கும்?

என் 1,500-ம் அப்படித்தான். ஒன்றாம் தேதி சம்பளம், மூன்றாம் தேதி கழிவு. முந்தின நாளே பணம் போகப்போகிறது என்று குறுஞ்செய்தி வரும். இறுக்கமான மாதங்களில் ரத்து செய்யும் பொத்தான் வரை போய்ப் பார்த்திருக்கிறேன். அமுக்கச் சோம்பல்.

பராமரிப்பு இல்லாமல் இல்லை. முதலில் டெபிட் கார்டில்தான் போட்டிருந்தேன். கார்டு காலாவதியாகிப் புது எண்ணோடு வேறு வந்தது. நன்கொடை நின்றுபோனது நான்கு மாதம் எனக்குத் தெரியவே இல்லை. அந்த அமைப்பும் கேட்கவில்லை. இப்போது வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐ ஆட்டோபே. 15,000 வரை ஒவ்வொரு முறையும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. கார்டில் போட்டிருப்பவர்கள் காலாவதித் தேதியை இன்றே பார்த்துவிடுங்கள்.

யாருக்குக் கொடுப்பது? 2007-ல் தொடங்கிய கிவ்வெல் என்ற ஆய்வு அமைப்பு, ஒரு உயிரைக் காக்க எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் போட்டு அமைப்புகளைப் பரிந்துரைக்கிறது. கொசுவலை, வைட்டமின் ஏ மாதிரியான எளிய விஷயங்கள்தான் அதில் முன்னால் நிற்கும். வெளிநாட்டு அமைப்புகளுக்கு அனுப்பிய அனுபவம் எனக்கு இல்லை; அதே கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே கண்புரை அறுவை சிகிச்சைக்குக் கொடுக்கிறேன். ஒரு சிகிச்சைக்கு எவ்வளவு, போன வருடம் எத்தனை செய்தீர்கள் என்று கேட்டால் எண்ணாகப் பதில் வர வேண்டும். அந்த விசாரணைக்கு மட்டும் வருடத்தில் ஒரு மாலை ஒதுக்குகிறேன். மார்ச் வழியில் நான் விட மனமில்லாமல் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

வருமானம் ஏறி இறங்குபவர்களுக்கு எது சரி என்று மாதச் சம்பளக்காரனான நான் அடித்துச் சொல்ல மாட்டேன். விற்றதில் இவ்வளவு என்று வியாபாரிகள் மகமை எடுத்து வைத்தது அவர்களுக்குப் பொருந்தலாம்.

எனக்கே கூட ரூபாயாக வைத்ததைவிடச் சதவீதமாக வைத்திருக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டில் டோபி ஆர்ட் 2009-ல் தொடங்கிய கிவிங் வாட் வீ கேன் என்ற அமைப்பு நன்கொடையாகக் கேட்பது வருமானத்தில் 10 சதவீதம். நான் ஆரம்பித்தபோது 1,500 என்பது என் சம்பளத்தில் 2 சதவீதம். சம்பளம் ஏறியது, 1,500 ஏறவில்லை. தொகையைக் கூட்ட வேண்டுமென்றால் நானே மறுபடி உட்கார்ந்து மாற்ற வேண்டும். இந்த ஏப்ரலில் 2,000 ஆக்கப்போகிறேன். போன ஏப்ரலிலும் இதையேதான் வீட்டில் சொன்னேன்.