"புது சில்" என்று பணம் வாங்கி, துருவின் மேல் தகடு மூடிய வேலை: முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5 வைத்திருப்போருக்கு எச்சரிக்கை

இங்கிலாந்தில் பழைய மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்ற இரு இருக்கைத் திறந்த காரை வாங்கி வீட்டு கராஜில் சீர்செய்கிறவர்கள் பலர். எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். வெல்டிங்கை மட்டும் வெளியே கொடுப்பார்கள். ஏமாற்று நடப்பதும் அந்த ஒரு வேலையில்தான். முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரியாத வேலை அது.

எங்கள் கார் 1991 யூனோஸ் ரோட்ஸ்டர், அதாவது ஜப்பானில் விற்ற எம்.எக்ஸ்-5. இரு பக்கமும் கதவுக்கு அடியில் ஓடும் சில்லின் பின்பாதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க ஒரு பட்டறையில் 1,600 பவுண்டு கொடுத்தோம். கார் பளபளவென்று திரும்பி வந்தது. அடுத்த குளிர்காலம் முடிவதற்குள் பின் சக்கர வளைவின் ஓரத்தில் பெயின்ட் கொப்புளித்தது. கிரைண்டரால் ஒரு சிறு ஜன்னல் வெட்டிப் பார்த்தபோது, புதுத் தகட்டுக்கு உள்ளே பழைய சில் அப்படியே இருந்தது. அதன் உள்ளே வலுவூட்டும் நடுத் தகடு விரலால் தொட்டாலே உதிர்ந்தது. ஓட்டையை அடைக்க, ஜன்னல் சட்டம் பொருத்தும்போது அடிக்கிற மஞ்சள் நுரையை உள்ளே நிரப்பியிருந்தார்கள். அதன்மேல் பட்டி, பட்டியின்மேல் கல்லடி தாங்கும் பூச்சு, அதன்மேல் பெயின்ட்.

பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். இதே வேலையைச் செய்கிற வேறு இடங்களும் உண்டு. எப்படிக் கண்டுபிடிப்பது, பணம் கொடுப்பதற்கு முன்னால் எப்படித் தடுப்பது என்பதுதான் முக்கியம்.

முதலில், இந்தக் காரில் சில் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் மூடிய இரும்புப் பெட்டிதான் சில். கூரை உள்ள காரில் பாரத்தைக் கூரையும் பகிர்ந்துகொள்ளும். எம்.எக்ஸ்-5இல் இரும்புக் கூரை இல்லை. தரையின் நடுவில் நீளவாக்கில் ஓடும் மேடான டனலும் இரண்டு சில்களும்தான் காரின் முதுகெலும்பு. வெளித் தகடு, நடுவே வலுவூட்டும் தகடு, கம்பளத்துக்கு அடியில் தெரிகிற உள் தகடு என்று மூன்று அடுக்கு. பின் சக்கரத்துக்கு முன்னால் மூன்றும் ஒன்றாகச் சேருகின்றன. துரு தொடங்கும் இடமும் அதுவே.

தண்ணீர் வரும் வழி இது: துணிக் கூரையின் பின் ஓரத்தில் மழைநீரைப் பிடிக்கும் ஒரு வாய்க்கால் உண்டு. அதிலிருந்து இருபுறமும் ஒவ்வொரு குழாய், சீட் பெல்ட் தூணுக்குப் பின்னால் இறங்கிப் பின் சக்கரத்துக்கு முன்னால் காருக்கு அடியில் வெளியேறும். இலையும் மண்ணும் குழாயை அடைத்தால் தண்ணீர் உள்ளே வழிந்து சில்லில் தேங்கும். 1990 மார்ச்சில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்ததிலிருந்து 1997 வரை வந்த முதல் தலைமுறை எல்லாவற்றுக்கும் இது பொது. ஜப்பானிலிருந்து வந்த யூனோஸ்களில் அடிப்பூச்சு குறைவு என்பதால், இங்கே குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பு பட்டதும் அவை இன்னும் வேகமாகக் கெடுகின்றன.

சரியான வேலை என்றால் அழுகிய வெளித் தகட்டை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுக்க வேண்டும். நடுத் தகட்டுக்கு அதே கனத்தில் ஒட்டு செய்து வெல்ட் அடிக்க வேண்டும். உள் தகட்டையும் பார்த்துவிட்டுத்தான் புது வெளித் தகட்டை மூட வேண்டும். தகட்டின் விலை சிறியது. பணம் போவது மணிக்கணக்கான உழைப்புக்கு. மேலே தகடு மூடும் வேலை அரை நாளில் முடிந்துவிடும். ஆளுக்கு ஆள் மதிப்பீடு பாதிக்குப் பாதி வேறுபட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மூடியது வெறும் ஏமாற்று மட்டுமல்ல, காருக்கும் கேடு. பழைய துருவுக்கும் புதுத் தகட்டுக்கும் நடுவே பூச்சே போகாத ஒரு மெல்லிய இடுக்கு உருவாகிறது. ஈரம் அங்கே புகுந்தால் காயாது. தொழிற்சாலை விட்ட வடிகால் துளைகள் புதுத் தகட்டால் அடைபட்டுவிடும். நுரை அந்த ஈரத்தைத் தாங்கி வைத்துக்கொள்ளும். வெல்டிங் சூட்டில் உட்புறப் பூச்சு எரிந்து போயிருக்கும். துருவைத் தடுக்கும் மெழுகை மீண்டும் உள்ளே அடிக்க வழியில்லை. இந்த நிலையில் உள்ள காரில் இறுக்கமான காயில்-ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுதி), தடித்த ஆன்ட்டி ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி), டர்போ என்று மேம்பாடுகள் செய்தால், ஸ்பிரிங் உள்வாங்காத அடியெல்லாம் அழுகிய சில்லுக்குப் போகும். மேம்பாட்டுக்குப் பணம் ஒதுக்கியிருந்தால் அது முதலில் சில்லுக்குப் போகட்டும். மற்றதெல்லாம் பிறகு.

"எம்ஓடி பாஸ் ஆகியிருக்கிறதே" என்று பட்டறைக்காரர் சொல்வார். எம்ஓடி என்பது இங்கே காருக்கு ஆண்டுதோறும் நடக்கும் கட்டாயப் பரிசோதனை. எங்கள் காரும் பாஸ் ஆனதுதான். எம்ஓடி பரிசோதகர் உறைகளைக் கழற்றவோ பூச்சைச் சுரண்டவோ மாட்டார். சீட் பெல்ட், சஸ்பென்ஷன் பொருத்திய இடங்களைச் சுற்றி 30 செ.மீ. எல்லையில் துருவைப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார். புதிதாக அடித்த கறுப்பு அடிப்பூச்சுக்கு அடியில் இருப்பது அவருக்கும் தெரியாது. ஒட்டுத் தகடு என்றால் சுற்றிலும் தொடர் வெல்டிங் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த வெல்டிங்கே பட்டிக்குள் இருந்தால் யார் பார்ப்பது?

இனி நீங்களே பார்க்கும் முறைகள். பெயின்ட் கனமானியை மட்டும் நம்ப வேண்டாம். அது இரும்புக்கு மேலே உள்ள பூச்சின் கனத்தைத்தான் காட்டும். சாதாரண பெயின்ட் 100 முதல் 150 மைக்ரான். சில்லில் கல்லடிப் பூச்சு இருப்பதால் கூடுதலாக வரும். 1,000 தாண்டினால் பட்டி. ஆனால் மேலே மூடிய தகடும் இரும்புதான். அதன்மேல் பெயின்ட் ஒழுங்காக இருந்தால் கனமானி நல்ல எண்ணையே காட்டும். காந்தமும் அப்படியே: பட்டியைக் காட்டிக்கொடுக்கும், மூடிய தகட்டைக் காட்டிக்கொடுக்காது.

காட்டிக்கொடுப்பது சில்லின் அடிவிளிம்பு. ஜாக்கி வைக்கிற அந்த விளிம்பில் தொழிற்சாலையில் புள்ளி புள்ளியாக அடித்த ஸ்பாட் வெல்டிங் குழிகள் சீரான இடைவெளியில் தெரிய வேண்டும். வெர்னியர் காலிப்பரால் விளிம்பின் கனத்தை முன்பக்கம், நடுவில், பின்பக்கம் அளந்து பாருங்கள். பின்பக்கம் மட்டும் ஒரு மி.மீ. அளவுக்குத் தடித்திருந்தால் அங்கே ஒரு தகடு கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது. வடிகால் துளைகளைத் தேடுங்கள். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாமலிருந்தால் கேள்வி கேளுங்கள். கதவின் கீழ் விளிம்புக்கும் சில்லுக்கும் உள்ள இடைவெளி பின்னால் போகப் போகக் குறைந்தாலும் அதே சந்தேகம்தான்.

இவற்றையெல்லாம் விட நம்பகமானது போர்ஸ்கோப். போனில் செருகும் மலிவான கேமரா போதும். தலை 6 மி.மீ.க்குள் இருக்கட்டும். கதவடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி, தெரிகிற ரப்பர் அடைப்பான்கள் வழியாகவும், சீட் பெல்ட் தூணின் உறையைக் கழற்றி மேலிருந்தும் உள்ளே விடலாம். வெட்டி மாற்றிய சில் என்றால் உள்ளே சுத்தமான இரும்பு, வெல்டிங் ஊடுருவிய தழும்பு, அதைச் சுற்றிக் கருகிய பிரைமர், பிறகு மெழுகு தெரியும். பழுப்புச் செதில்கள், மஞ்சள் நுரை, செய்தித்தாள் (ஆம், அதையும் திணிக்கிறார்கள்) தெரிந்தால் மேலே பார்க்கத் தேவையில்லை.

வேலை கொடுக்கும்போது "சில் ரிப்பேர், இரு பக்கம்" என்று எழுதிய மதிப்பீட்டை ஏற்காதீர்கள். எங்கள் தாளில் இருந்தது அந்த நான்கு சொற்கள்தான். வெட்டி மாற்றுவதாகச் சொன்னது எல்லாம் வாய்ப்பேச்சு. எந்தப் பக்கம், எத்தனை செ.மீ. நீளம், அழுகிய வெளித் தகட்டை வெட்டி எடுப்பது, நடுத் தகட்டுக்கு எந்தக் கனத்தில் ஒட்டு, வடிகால் துளைகளைத் திறந்து விடுவது, பெயின்டுக்குப் பிறகு உள்ளே மெழுகு என்று ஒவ்வொன்றும் எழுத்தில் வரட்டும். வெளித் தகட்டை வெட்டிய பின் ஒரு படம், நடுத் தகடு முடிந்தபின் ஒரு படம், மூடிய பின் பட்டிக்கு முன்னால் ஒரு படம். காரின் நம்பர் பிளேட்டோ வேறு அடையாளமோ தெரியும்படி. வெட்டிய துண்டுகளை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டாம் தவணையை நடுத் தகட்டை நேரில் பார்த்த பிறகே கொடுங்கள். நல்ல வெல்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்; தன் வேலையைக் காட்ட அவருக்கே ஆசை இருக்கும்.

மிக் வெல்டர் (கம்பி தானாக ஊட்டும் வெல்டிங் கருவி) பழகியவர் என்றால் இதை வீட்டிலேயே செய்யலாம். மூடிய வேலையைப் பிரித்துத் திரும்பச் செய்வதாக இருந்தால் முதலில் நுரை முழுவதையும் சுரண்டி எடுங்கள். பாலியூரித்தேன் நுரை எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். இதில் அவசரம் கூடாது. பேட்டரி டிக்கியில் இருக்கிறது, கழற்றுங்கள். எஞ்சின் கணினியின் இணைப்பையும் பிரித்து வையுங்கள். பெட்ரோல் டேங்க் இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பதால் பின் முனையில் வேலை என்றால் அதை எண்ணத்தில் வைத்தே எல்லாம் செய்ய வேண்டும். கம்பளம், சீட், பெல்ட் எல்லாம் வெளியே. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில்.

வெட்டுவதற்கு முன் கதவு வாயில் குறுக்கே கம்பி கட்டாவிட்டால் காரே தொய்ந்துவிடும். கதவு கீல் பொருத்தும் துளைகளுக்கும் பின்பக்கத் தூணுக்கும் நடுவே 25 மி.மீ. சதுரக் குழாயை போல்ட் போட்டு இறுக்குங்கள். அதற்கு முன்பே, கார் தரையில் நிற்கும்போது கதவு இடைவெளியை மேலே, நடுவில், கீழே அளந்து டேப்பில் எழுதிக் கதவிலேயே ஒட்டுங்கள். ஸ்டாண்டில் ஏற்றியதும் எண் மாறினால் ஸ்டாண்டுகளை நகர்த்துங்கள்; அதே எண் வந்த பிறகுதான் கம்பி, பிறகுதான் கிரைண்டர். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்.

அடிவிளிம்பின் ஸ்பாட் வெல்டிங்குகளை 8 மி.மீ. துரப்பணத்தால் வெளித் தகட்டின் கனம் மட்டும் போகும்படி எடுக்கவும். துருவின் எல்லையைத் தாண்டி இன்னும் 20 மி.மீ. வெட்டுங்கள். நடுத் தகட்டின் ஒட்டுக்கு 1.2 மி.மீ., வெளித் தகட்டுக்கு 1 மி.மீ. அளவில் மென் இரும்புத் தகடு பொருந்தும். ஒன்றின்மேல் ஒன்று உட்காரும் முகங்களில் துத்தநாக பிரைமர். புதுத் தகட்டின் விளிம்பில் 6 மி.மீ. துளைகள், சுமார் 30 மி.மீ. இடைவெளியில், பிளக் வெல்டிங்குக்கு, அதாவது துளையை வெல்டால் நிரப்பி அடித் தகட்டோடு ஒட்டுவதற்கு. 0.6 மி.மீ. கம்பியும் ஆர்கான் கலந்த வாயுவும் மெல்லிய தகட்டுக்கு ஏற்றவை. வெறும் கார்பன் டை ஆக்சைடில் ஓட்டை விழும் வாய்ப்பு அதிகம். நீளமான வெட்டுக்கோட்டை 10 முதல் 15 மி.மீ. துண்டுகளாக, ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் ஒன்று என்று மாற்றி மாற்றி அடித்துக் கடைசியில் இடைவெளி இல்லாமல் நிரப்புங்கள். ஒரே இழுப்பில் அடித்தால் தகடு அலை அலையாகும். அதை மறைக்க மீண்டும் பட்டிதான். துத்தநாகப் புகைக்குக் காற்றோட்டமும் முகமூடியும் கட்டாயம்.

எப்பாக்ஸி பிரைமர், இணைப்புகளுக்குச் சீலர், கல்லடிப் பூச்சு, பெயின்ட் என்று வெளியே முடித்து, பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே மெழுகு. 360 பாகையும் தெளிக்கும் நீண்ட முனை வேண்டும். பக்கத்துக்கு அரை லிட்டருக்குக் குறையக் கூடாது. வடிகால் துளைகளில் மெழுகு சொட்டினால் சரியாகப் போயிருக்கிறது என்று பொருள். மறுநாள் அந்தத் துளைகளைக் குச்சியால் திறந்து விடுங்கள். கூரை வடிகால் குழாயில் நைலான் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். காற்றழுத்தம் வேண்டாம், குழாய் உள்ளே கழன்றுவிடும். மேலிருந்து அரை லிட்டர் தண்ணீர் ஊற்றினால் உடனே பின் சக்கரத்துக்கு முன்னால் கொட்ட வேண்டும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: முழுவதையும் பிரித்துப் போடாதீர்கள். ஒரு சிறு ஜன்னல் மட்டும் வெட்டிப் படம் எடுத்து, வேறொரு பட்டறையிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். வேலை நியாயமான கவனத்துடனும் திறனுடனும் செய்யப்பட வேண்டும் என்று 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. வணிகர் வாயால் சொன்னதை நம்பி நீங்கள் முடிவெடுத்திருந்தால் அந்தச் சொல்லும் ஒப்பந்தத்தில் சேரும்; ஆனால் அதை நிரூபிக்க வேண்டும், ஆகவே குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். முதலில் திரும்பச் செய்யக் கேட்க வேண்டும். அது முடியாது, அல்லது நியாயமான காலத்துக்குள் நடக்கவில்லை என்றால் பணத்தைக் குறைக்கக் கேட்கலாம். முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்து, வேலையின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000க்குள் என்றால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி வங்கியிடமும் முழுத் தொகைக்குக் கோரலாம். எங்கள் பட்டறை ரொக்கத்துக்குத் தள்ளுபடி தந்த காரணம் இப்போது புரிகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரை சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கு முன் 14 நாள் அவகாசம் கொடுத்து ஒரு கடிதம் அனுப்புங்கள். ஒப்பந்த மீறலுக்குக் கால வரம்பு 6 ஆண்டு.

எங்கள் கடிதத்துக்கு வந்த பதில், பெயின்டை இலவசமாகத் திரும்ப அடித்துத் தருகிறோம் என்பது. மறுத்துவிட்டு அறிக்கையின் நகலை அனுப்பினோம். பிறகு பாதிப் பணம் திரும்பியது. மீதிக்கான கோரிக்கை நீதிமன்றத்தில் இருக்கிறது. "புது சில், புது எம்ஓடி" என்ற விளம்பரத்தோடு இந்தக் கார்கள் தினமும் விற்பனைக்கு வருகின்றன. விற்பவரிடம் வெட்டியபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். இல்லை என்றால் சில் வேலை இன்னும் செய்யப்படாத கார் என்று வைத்து விலை பேசுங்கள்.