கல்யாண அன்பளிப்பு: காண்ட்ராக்டரிடம் மொத்தமாகவா, ஆளுக்கு ஆள் கையிலா?

முகூர்த்தம் முடிந்து, பந்தியும் ஓய்ந்து, மண்டபத்தைக் காலி செய்யும் நேரத்தில்தான் இந்தக் கேள்வி வரும். பேசிய தொகைக்கு மேல் சந்தோஷமாகக் கொடுப்பதை யார் கையில் கொடுப்பது?

சமையல் காண்ட்ராக்டரிடம் மொத்தமாகக் கொடுத்தால் வேலை சுலபம். ஒரே கவர், ஒரே கும்பிடு. ஆனால் அது இலை போட்டவருக்கும் பாத்திரம் தேய்த்த அம்மாவுக்கும் போய்ச் சேர்ந்ததா என்பது நமக்குத் தெரியாது.

தனித்தனியாகக் கொடுப்பதில் அலைச்சல் உண்டு. முந்தின நாளே 100, 200 ரூபாய் நோட்டுகளாக மாற்றி, கவர் மேல் பெயருக்குப் பதில் வேலையை எழுதி வைக்க வேண்டும்: பரிமாறுபவர், பாத்திரம், துப்புரவு, வாட்ச்மேன். பெண் வீட்டார் கொடுத்திருப்பார்கள் என்று மாப்பிள்ளை வீட்டாரும், அவர்கள் கொடுத்திருப்பார்கள் என்று இவர்களும் விட்டுவிடுவது சகஜம். அதனால் கவர்களை ஒரே ஒரு மாமாவிடம் ஒப்படைத்துவிடுங்கள். (எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு மாமா இருப்பார்.) அலைச்சல் இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். வாங்கும்போது அந்த முகம் மலர்வதை நேரில் பார்க்கலாமே.

நாதஸ்வரம், தவில் கலைஞர்களுக்கு வெறும் கவர் சரிப்படாது. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி துண்டு, மேலே 501 அல்லது 1,001 என்று ஒன்றில் முடியும் தொகை. வீட்டுப் பெரியவர் கையால் கொடுக்க வேண்டும்.

அப்புறம், போட்டோகிராபரும் உதவியாளரும் சாப்பிட்டார்களா என்று பாருங்கள். பாயசம் தீர்ந்த பிறகு கூப்பிடாதீர்கள்.